குலுக்கல் என்னும் சொல்

பட்டினப்பாக்கத்தை அடுத்த மயிலைத் திருவிழாக்களிலும், தீவுத்திடல் பொருட்காட்சியிலும் ‘பரிசுக் குலுக்கல்’ என்ற அழைப்பை நாம் கேட்டிருக்கிறோம். அச்சொல்லின் பொருளைச் சற்றே ஆராய்வோம்.

‘குலுக்கு’ என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர் குலுக்கல். அசைத்துக் கலத்தல் என்பது பொருள். ‘தம்போலா’ என்பதும் உருளுதல், புரளுதல் எனப் பொருள்படும் இத்தாலிய வினைச்சொல்லினின்று வந்ததே. இரண்டு பெயர்களும் கலத்தின் அசைவைக் குறிக்கின்றனவேயன்றிப் பரிசைக் குறிக்கவில்லை.

இம்முறை சூதுக்கென்றே தோன்றியதன்று. உத்தரமேரூரில் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறும் குடவோலை முறையில், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் கலந்து, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். பாரபட்சம் புகாமையே அதன் நோக்கம்.

ஒழுங்காக நடக்கும் குலுக்குச் சீட்டிலும், குலுக்கல் யாருக்கு எப்பொழுது என்னும் வரிசையையே முடிவு செய்கிறது. கட்டிய பணம் ஒவ்வொருவருக்கும் திரும்புகிறது. பரிசுச் சீட்டிலோ பலர் இழந்ததே சிலர் பெறும் பரிசு. தமிழ்நாட்டில் 1968இல் அரசே பரிசுச் சீட்டைத் தொடங்கியது. 2003இல் எல்லா லாட்டரிகளும் தடை செய்யப்பட்டன.

ஆகவே, அங்கத்தினர்களே, குடம் குலுங்கும்பொழுது நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றே: அது முடிவு செய்வது நமது வரிசையையா, நமது முதலையே கொடுப்பதா இழப்பதா என்பதையா?