மூலக அட்டவணையும் அதன் வெற்றிடங்களும்

இரசாயன வகுப்பின் சுவரிலே தொங்கும் ஆவர்த்தன அட்டவணையைக் காணாத பழைய மாணவர் இலர். அதனை மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்தவரே பலர். அவ்வட்டவணை மனனத்திற்குரிய பெயர்க்கோவை அன்று. இயற்கையின் ஓர் ஒழுங்கைக் காட்டும் வடிவம் என்பதை ஈண்டு விளக்குவோம்.

பொன், இரும்பு, காபன், ஒட்சிசன் முதலியன மூலகங்கள். இரசாயன முறைகளால் இவற்றை இவற்றினும் எளிய பொருள்களாகப் பிரித்தல் இயலாது. நீர் மூலகமன்று, ஐதரசனும் ஒட்சிசனும் கூடிய சேர்வை. இன்று அறியப்பட்டுள்ள மூலகங்கள் 118 ஆகும்.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இவ்வட்டவணையைக் காணுந்தோறும் நெடுங்கணக்கே நினைவில் எழும். 18 மெய்யும் 12 உயிரும் கூடி 216 உயிர்மெய்கள் ஆகின்றன. ககர வரிசை முழுவதையும் சகரத்தையும் அறிந்த சிறுவன், 'சா' என்னும் எழுத்தைக் கல்லாதிருப்பினும், அதன் ஒலியைத் தானே உய்த்துணர்வான். நிரையும் நிரலும் அவனுக்கு வழிகாட்டுகின்றன.

மூலக அட்டவணையில் மேலிருந்து கீழாக வருவது கூட்டம்; இடமிருந்து வலமாக வருவது ஆவர்த்தனம். ஒரே கூட்டத்தன பெரும்பாலும் குணத்தால் ஒத்தவை. இலிதியம், சோடியம், பொற்றாசியம் என்பன மென்மையான உலோகங்கள். நீரோடு தாக்கமுற்று ஐதரசனை வெளிவிடுவன. கீழே செல்லச் செல்ல அத்தாக்கத்தின் வேகமும் மிகும்.

1869 ஆம் ஆண்டில் உருசிய நாட்டுப் பேராசிரியர் மெந்தலீவ் தம் அட்டவணையை வெளியிட்டபோது, அறியப்பட்டிருந்த மூலகங்கள் 63 மாத்திரமே. அணுநிறை ஏறுமுறையில் அவற்றை நிறுத்தியவர், நாகத்தின் பின் ஓர் இடர்ப்பாட்டைக் கண்டார். நாகத்தின் அணுநிறை 65. அடுத்து அறியப்பட்டிருந்த ஆசனிக்கின் அணுநிறை 75. வரிசைப்படி வைப்பின் ஆசனிக்கு அலுமினியத்தின் இனமாகிவிடும். குணமோ பொசுபரசின் குணம். ஆதலின் அதனைப் பொசுபரசின் இனத்தில் வைத்து, இடையில் இரண்டு இடங்களை வெற்றிடமாக விட்டார்.

விட்டதோடு அமையாது, அவ்விடங்களுக்குரிய மூலகங்களின் குணங்களையும் 1871 இல் எழுதிவைத்தார். அலுமினியத்தை அடுத்துவருவது என்னும் பொருளில் ஒன்றற்கு 'ஏக அலுமினியம்' எனவும், மற்றதற்கு 'ஏக சிலிக்கன்' எனவும் பெயரிட்டார். 'ஏக' என்பது நாமறிந்த வடசொல்லே.

1875 இல் பிரான்சிய அறிஞர் புவாபோதிரான் கலியத்தைக் கண்டுபிடித்தார். அதன் அடர்த்தி 4.7 என அவர் முதலில் அளந்தார். அது 5.9 அளவில் இருத்தல் வேண்டும் என்று, அவ்வுலோகத்தைக் கண்ணாற் காணாத மெந்தலீவ் எழுதினார். கலியத்தைத் தூய்மை செய்து மீண்டும் அளந்தபோது 5.9 என்றே வந்தது! 1886 இல் செருமனியில் வின்கிளர் கண்ட செர்மானியம் மற்றை வெற்றிடத்தை நிரப்பியது. முன்கூறிய அணுநிறை 72. இன்று நாம் கொள்வது 72.6.

எனினும் அணுநிறை வரிசை முற்றும் பொருந்தவில்லை. அயடீனைவிடத் தெலூரியம் நிறை மிக்கதாயினும், குணம் நோக்கி அதற்கு முன்னர் வைக்கப்பட்டது. இதன் காரணம் 1913 இல் மோசிலியின் ஆய்வாற் புலனாயிற்று. வரிசையை நிருணயிப்பது அணுநிறை அன்று. கருவிலுள்ள புரோத்தன்களின் தொகையாகிய அணுவெண்ணே. தெலூரியம் 52, அயடீன் 53.

அறிந்தவற்றை ஒழுங்குற நிறுத்தினால், அறியாததன் இடமும் புலப்படும். இதுவே இவ்வட்டவணை தரும் கல்வி. ஆதலின் ஆசிரியத் தொழில் பூண்ட நம் பழைய மாணவர்க்கு ஒன்று கூறுவோம். வகுப்பிலே கலியமும் செர்மானியமும் உள்ள கட்டங்களைத் தாளால் மறையுங்கள். சுற்றியுள்ள மூலகங்களின் குணங்களைக் கூறி, மறைந்திருப்பவற்றின் குணங்களை மாணவரையே உரைக்கச் செய்யுங்கள். பின்னர்த் தாளை நீக்குங்கள். அவ்வாறு ஒருமுறை கற்றவன் அட்டவணையை மறவான்.