பிரேக் ஆயில் டப்பாவின் மூடி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

பட்டறைகளில் பிரேக் ஆயில் என்று அழைக்கப்படும் திரவம் உண்மையில் எண்ணெயே அன்று. அது கிளைக்கால் ஈதர் வகைச் சேர்மங்களின் கலவை. எண்ணெய் தண்ணீரோடு ஒட்டாது. இதுவோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஆய்வுக்கூடத்து டெசிக்கேட்டரில் கால்சியம் குளோரைடு செய்யும் வேலையும் இதுவே. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவேயுள்ள ஸ்ரீரங்கத்தில் ஐப்பசி மழைக்கு உப்பு ஜாடியே நீர்த்துப்போகிறது. மூடி தொலைந்து, காகிதம் திணித்து வைத்த டப்பாவின் கதியைச் சொல்லவா வேண்டும்?

டாட் 3 என்று குறிக்கப்பட்ட புதுத் திரவம் 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தர விதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அதே விதி கேட்பது 140 டிகிரிதான். சமதரையான திருச்சியில் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஓடும் வண்டியில் பிரேக் அவ்வளவு சூடேறாது. அதே வண்டி கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கட்டும். ஓயாமல் மிதித்த பிரேக்கின் சூட்டில் திரவத்துக்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பாஸ்கல் விதிப்படி சக்கரத்துக்குப் போக வேண்டிய அழுத்தம் குமிழியிலேயே தீர்ந்துவிட, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும்.

ஆகவே சிறிய டப்பாவாக வாங்கி, மூடியை இறுக்கி வைத்து, மீந்ததை நாள்பட வைக்காதிருப்பதே முறை. என் தந்தை ஆட்டோ ஓட்டுகிறார். மீந்த ஆயிலை வீணாக்க அவருக்கு மனம் வராது. 250 மில்லி டப்பா போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றுவோரும் உண்டு. அது பிரேக்கின் ரப்பர் வாசர்களை ஊதவைத்துவிடும்.

சோடா பாட்டிலில் மாற்றி வைப்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அம்மருந்தில் 48.6 சதவீதம் இருந்த டைஎத்திலீன் கிளைக்கால், சில பிரேக் ஆயில்களிலும் சேர்வது. இனிக்கும், சிறுநீரகத்தை அழிக்கும். டப்பாவிலுள்ள எச்சரிக்கையோ ஆங்கிலத்தில். எங்கள் வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே.

வண்டிப் பெயிண்டில் சிந்தினால் பெயிண்ட் உரியும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும், கரைந்து போய்விடும். கிணற்றுக்கு வாங்கிய பிளீச்சிங் பவுடரை மட்டும் அதே அலமாரியில் வைக்கலாகாது. இரண்டும் கலந்தால் தீக்குச்சி இல்லாமலே தீப்பற்றக்கூடும். நண்பர்கள் இதை ஆய்வுக்கூடத்தில் செய்துபார்க்க வேண்டாம்.