கடன் வழக்கின் அழைப்பாணை வந்தால்

நோயாளர் மருத்துவமனையில் இருக்கும் நாள்களில், சடையங்குப்பத்திலுள்ள அவர் வீட்டிற்குக் கடன் வழக்கின் அழைப்பாணை வரக்கூடும். உடன் வாழும் வயதுவந்த குடும்பத்தினர் அதனைப் பெற்றாலும், அவருக்கே சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும் நிலை உண்டு. அவர் மனம் கலங்குவாரென்று நாம் அதனை மறைத்துவைத்தால், கெடு கடந்து, அவர் தரப்பைக் கேளாமலே தீர்ப்பு வந்துவிடலாம்.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி எதிர்வழக்குரை அளிக்க 30 நாள்கள் உண்டு. தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் அதனை 90 நாள்கள் வரை நீட்டிக்கலாம்; மருத்துவமனைச் சேர்க்கைச் சான்று அதற்கு உதவும். சுருக்கமுறை வழக்காயின் 10 நாள்களுக்குள் முன்னிலையாதல் வேண்டும்.

வழக்கறிஞர் இல்லாமலும் எதிர்வழக்குரை எழுதலாம். வழக்குரையின் ஒவ்வொரு பத்திக்கும் ஏற்பையோ மறுப்பையோ தனித்தனியே கூறுவோம். குறிப்பாக மறுக்காதது ஏற்றதாகவே கொள்ளப்படும். கட்டிய தவணைகளின் ரசீதுகளை இணைப்போம். கடன் உண்மையாயின், தவணைகளில் செலுத்த அனுமதி வேண்டுவோம்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. ஏனையோரில் பலருக்கு வருமான வரம்பு பொருந்தும். 15100 என்னும் எண்ணில் கேட்கலாம். அழைப்பாணை கைக்கு வந்த தேதியை அதன்மேலேயே குறித்துவைப்போம்; கெடு அன்றிலிருந்தே எண்ணப்படும்.