பனித்திட்டிலிருந்து டெல்லிக்கு: ரயிலா, விமானமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாளில்தான் நம் குப்பங்களில் வெளியூர்ப் பயணப் பேச்சு எடுபடும். டெல்லியில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போவது, காசிக்குப் போய் வருவது, மும்பையில் காட்டிய வைத்தியத்துக்கு மறுபடி போவது எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான் வரும் என்பதால் நாட்டில் பாதிப் பேர் ரயிலில் இருப்பார்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் 31 வரை அது 120 நாளாக இருந்தது. ஆக, தடைக்காலம் தொடங்கும் அன்றே புதுச்சேரியில் வண்டி ஏற நினைப்பவர் பிப்ரவரி 14 காலை 8 மணிக்கு டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். வலையைச் சுருட்டி வைத்துவிட்டு ஏப்ரலில் யோசிக்க உட்கார்ந்தால் தேர்வு செய்ய ஒன்றும் மிஞ்சாது, கிடைத்ததில் ஏற வேண்டியதுதான்.

கணக்கை வீட்டு வாசலிலிருந்து போடுங்கள். டிக்கெட் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சென்னைக்காரர்களுக்குச் சரி; பனித்திட்டு, நரம்பை, மூர்த்திக்குப்பம் பக்கத்து ஆட்களுக்கு அது பொருந்தாது. கிருமாம்பாக்கம் வந்து கடலூர் சாலையைப் பிடித்தால் வடக்கே புதுச்சேரி ரயில் நிலையம், தெற்கே கடலூர் திருப்பாதிரிப்புலியூர் நிலையம். இரண்டுக்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, பேருந்துக்கும் பஞ்சமில்லை. இருந்தும் நம்மவர்கள் பழக்கத்தில் வடக்குப் பக்கமே திரும்புகிறார்கள். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்செந்தூர், ராமேஸ்வரம் போகிறவர்கள் கடலூரைப் பார்க்க வேண்டும். சோழன், உழவன், செந்தூர் எக்ஸ்பிரஸ்கள் அந்தப் பாதையில்தான் ஓடுகின்றன. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த அன்று தொடங்கிய தாம்பரம் – ராமேஸ்வரம் வண்டியும் அதே வழிதான்.

வடக்கே தொலைதூரம் என்றால் கதை வேறு. புதுச்சேரி ஒரு கிளைப்பாதையின் கடைசி நிலையம். 1879இல் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாக வந்த பாதை இங்கே முடிகிறது. அதனால் நெடுந்தூர வண்டிகள் இருந்தாலும் தினமும் கிடையாது: டெல்லிக்கும் ஹவுராவுக்கும் வாரத்துக்கு ஒன்று, மும்பை தாதருக்குச் சாளுக்யா எக்ஸ்பிரஸ் வாரத்தில் மூன்று நாள். மற்ற நாளில் விழுப்புரம்தான் கதி. திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரையிலிருந்து வரும் சம்பர்க் கிராந்தி, காசிக்குப் போகும் வண்டிகள் எல்லாம் அங்கே நின்று போகும்.

இதில் கவுண்டரில் யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம் உண்டு. வண்டி எந்த ஊரில் புறப்படுகிறதோ அந்த ஊருக்குத்தான் இடங்களில் பெரும் பங்கு. கன்னியாகுமரியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வரும் வண்டியில் விழுப்புரத்துக்கென்று ஒதுக்குவது சொற்பம். அந்தச் சின்ன ஒதுக்கீட்டின் வெயிட்டிங் லிஸ்ட் நகர்வதும் மெதுவாகத்தான். புதுச்சேரியில் புறப்படும் வண்டியில் 40ஆம் நம்பரில் காத்திருப்பவருக்கு உள்ள நம்பிக்கை, விழுப்புரம் ஒதுக்கீட்டில் 10ஆம் நம்பரில் காத்திருப்பவருக்குக் கிடையாது. தேதியை வண்டிக்கு ஏற்ப மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை ஓடும் வண்டிதான் நமக்கு வாகு. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏறிச் சமாளித்துவிடலாம் என்ற பழைய தைரியம் இனி உதவாது. உறுதியாகாத டிக்கெட்டோடு முன்பதிவுப் பெட்டியில் இருந்தால் அபராதம் கட்டி இறங்க வேண்டியிருக்கும். தட்கல் எடுக்க 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைத்த கணக்கு வேண்டும். முந்தின நாள் காலை ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. சிக்னல் சரியாகக் கிடைக்காத குப்பத்தில் உட்கார்ந்து அதை முயல்வதைவிடக் கிருமாம்பாக்கம் வந்துவிடுவது நல்லது.

இனி விமானம். லாஸ்பேட்டையில் நமக்கும் ஒரு விமான நிலையம் இருக்கிறது. ஓடுபாதை ஒன்றரை கிலோமீட்டர் அளவுதான் என்பதால் பெரிய விமானம் இறங்காது. 78 பேர் உட்காரும் ஏடிஆர் வகைதான் வரும். அதன் வரலாறு ஓடுவதும் நிற்பதுமாகவே இருந்திருக்கிறது. 2013இல் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்கு விட்டு நிறுத்தியது. 2017இல் ஐதராபாத்துக்கு விட்டது, கொரோனாவில் நின்றது, 2022இல் மறுபடி வந்தது, 2024இல் போனது. அதே ஆண்டு டிசம்பர் 20இல் இண்டிகோ பெங்களூர், ஐதராபாத் இரண்டுக்கும் தொடங்கியது. ஆகவே இங்கிருந்து விமானம் என்று திட்டம் போடும்போது, நீங்கள் போகும் மாதத்தில் அது அட்டவணையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு ஊர்களில் ஐதராபாத்துக்கு விமானம்தான். ரயில் என்றால் பெரும்பாலும் சென்னை போய் மாறி ஒரு முழு இரவு உட்கார வேண்டும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. பெங்களூருக்கு என் தீர்ப்பு ரயிலும் இல்லை, விமானமும் இல்லை. திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக இரவுப் பேருந்தில் படுத்தால் விடியற்காலையில் ஊர். விமானத்தில் ஒரு மணி நேரம்தான் என்பார்கள். லாஸ்பேட்டை போகும் நேரம், முன்கூட்டிக் காத்திருக்கும் நேரம், தேவனஹள்ளியிலிருந்து பெங்களூர் ஊருக்குள் வரும் நேரம் எல்லாம் சேர்த்தால் பாதி நாள் போய்விடும்.

டெல்லியை எடுத்துக்கொள்வோம். உண்மையான போட்டி அங்கேதான். ரயிலில் இரண்டு இரவு, 40 மணி நேரத்தை ஒட்டி. ஸ்லீப்பர் ஆயிரம் ரூபாயை ஒட்டியும், மூன்றடுக்கு ஏசி இரண்டாயிரத்துச் சொச்சமும் ஆகும். விமானம் சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் என்றாலும், பனித்திட்டிலிருந்து மீனம்பாக்கம் போகவே நான்கு மணி நேரம் வேண்டும். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய், இறங்கிப் பெட்டியை எடுத்து வீடு சேரும் வரை சேர்த்தால் பத்து மணி நேரம். கார் வைத்தால் ஒரு வழிக்கே மூவாயிரத்துக்கு மேல் கேட்பார்கள். பேருந்தில் போகலாம், ஆனால் திண்டிவனம் வழிப் பேருந்து கிளாம்பாக்கத்தோடு சரி. அங்கிருந்து வேறு வண்டி பார்க்க வேண்டும். பெட்டி கனமில்லாதவருக்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது. ரயிலில் தாம்பரம் வந்து, மின்சார ரயிலில் திரிசூலம் இறங்கினால் விமான நிலையம் எதிரிலேயே நிற்கும்.

அப்படியும் ஒரு வழிக்கு முப்பது மணி நேரம் மிச்சம். அந்த மிச்சத்துக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் ஆளுக்கு ஆள் மாறும். கடலுக்குப் போகும் நாளில் ஒரு நாள் தவறினால் ஒரு நாள் பாடு போனது. போக வர நாலு நாளை ரயிலில் கழிப்பவருக்கு விமானக் கட்டணம் அதிலேயே வந்துவிடலாம். தடைக்காலத்தில் அந்த நாளுக்கு வருமானமே இல்லை, ஆகவே நேரத்தை மிச்சம் பிடித்து வாங்குவதற்கு ஒன்றுமில்லை. நாலு பேர் குடும்பமாகப் போனால் வித்தியாசம் பல ஆயிரம். என்னைக் கேட்டால் தடைக்காலத்தில் குடும்பத்தோடு என்றால் ரயில், மற்ற மாதங்களில் தனியாள் என்றால் விமானம். கம்பெனியில் எண்ணி லீவு வாங்கும் பிள்ளைகளுக்கு எந்த மாதமும் விமானம்தான்.

நோயாளி விஷயத்தில் இந்தக் கணக்கு செல்லாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, உடன் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி; மருத்துவமனைச் சான்று வேண்டும். சாளுக்யா போய் நிற்கும் தாதரிலிருந்து பரேலில் உள்ள அந்த மருத்துவமனை கூப்பிடு தூரம். இவ்வளவு தோதாக ஒரு வண்டி இருப்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. ஆனால் உட்காரவே சிரமப்படும் நிலையில் உள்ளவரை ஒரு இரவுக்கு மேல் ரயிலில் வைக்காதீர்கள். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கும் அதுவே. 60 வயதானவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. லோயர் பெர்த் முன்னுரிமை மட்டும் மிச்சம். விழுப்புரத்தில் சில நிமிடம் நிற்கும் வண்டியில் பெட்டியைத் தேடி ஓட வைப்பதைவிட, விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டு வாங்குவது மரியாதை. டிக்கெட் எடுக்கும்போதே அதைப் பதிவு செய்துவிட வேண்டும்.

சுமை என்று வந்தால் ரயிலை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் தலைக்கு 40 கிலோ. விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ. மகன் வீட்டுக்குப் போகும் அம்மாவின் மூட்டையில் நெத்திலிக் கருவாடு, ஊறுகாய், தேங்காய் இல்லாமல் இருக்குமா? ஊறுகாயைக் கையில் எடுத்துப் போக விடமாட்டார்கள், உள்ளே போடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கொப்பரைக்கு எண்ணெய்ப் பிடிப்பு உண்டென்று தடை. சபரிமலை பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கே 2024 மண்டல காலத்தில் தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. கருவாட்டை இரண்டு மூன்று உறை போட்டுக் காற்றுப் புகாமல் கட்டினால் விமானத்தில் தப்பிக்கலாம். ஏசிப் பெட்டியில் எதிர் சீட்டுக்காரரிடமிருந்து தப்பிப்பதுதான் கஷ்டம்.

மழைக்காலத்தில் எது நம்பகமானது என்று பலர் கேட்பார்கள். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். இரண்டு நாள் கழித்து விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்களும் நின்றன. அதற்குள் தென்பெண்ணை பெருகி பாகூர் பக்கம் ஊர்களுக்குள் தண்ணீர். விமான நிலையம் மறுநாளே திறந்தது, ரயில் பின்னால்தான் சீரானது. 2025 டிசம்பரில் கதை மாறியது. விமானிகளின் பணிநேர விதி மாற்றத்தைச் சமாளிக்க முடியாமல் இண்டிகோ நாடு முழுக்க விமானங்களை ரத்து செய்தது. மற்ற நிறுவனங்களின் கட்டணம் ஏறியதால், 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு 18,000 ரூபாய்தான் உச்சம் என்று அரசு வரம்பு கட்டியது. லாஸ்பேட்டையில் இறங்குவது அந்த ஒரே நிறுவனம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்று விமானம் வேண்டுமென்றால் சென்னைதான்.

பாரீசில் சொந்தம் உள்ளவர்கள் லாஸ்பேட்டையில் ஏறி பெங்களூரிலோ ஐதராபாத்திலோ மாறிப் போகலாம் என்று கணக்குப் போடுவது உண்டு. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவது டிக்கெட்டின் பணம் உங்கள் பொறுப்பு.

டெல்லிக்குத் தடைக்காலத்தில் போகிறவர்களுக்கு என் யோசனை: போகும்போது ரயில், திரும்பும்போது விமானம். போகும்போதுதான் மூட்டை கனம். வரும்போது கை வீசி வரலாம். உள்நாட்டு விமானத்தில் ஒரு வழி டிக்கெட்டுக்குத் தனியாகக் கூடுதல் விலை கிடையாது. திரும்பும் விமானம் பிற்பகல் 3 மணிக்குள் சென்னையில் இறங்குவதாகப் பாருங்கள். இரவு இறங்கினால், கிருமாம்பாக்கத்திலிருந்து பனித்திட்டுக்குள் போகும் கடைசிப் பேருந்து போயிருக்கும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு ஆட்டோவுக்கும் காருக்கும் போய்விடும்.