அரபு நாடுகளும் இணைய முகவரிப் பஞ்சமும்

கடிதம் வந்து சேரக் கதவு எண் வேண்டும். அதுபோல, இணையத்தில் சேரும் கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். 1981-ல் வகுக்கப்பட்ட ஐ.பி. நான்காம் பதிப்பில் இவ்வெண் 32 இரும இலக்கங்களால் ஆனது. 32 இரண்டுகளைப் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 430 கோடி. உலக மக்கள்தொகையோ 800 கோடியைக் கடந்துவிட்டது.

இருந்த எண்களும் சமமாகப் பங்கிடப்படவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்னும் ஒரே கல்வி நிறுவனம் 1 கோடியே 67 லட்சம் முகவரிகளைத் தொடக்கத்திலேயே பெற்றது. பின்னால் வந்தோர்க்கு எஞ்சியதே கிடைத்தது. அரபு நாடுகளுக்கெனத் தனிப் பதிவகமும் இல்லை. எகிப்து, சூடான், மொராக்கோ முதலியவை ஆப்பிரிக்கப் பதிவகத்தையும், ஏமன், ஜோர்டான், லெபனான் முதலியவை ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் பொதுவான ‘ரைப்’ பதிவகத்தையும் சார்ந்துள்ளன. ரைப் பதிவகத்தின் கையிருப்பு 25-11-2019 அன்று தீர்ந்தது. அதன் பின்னர் முகவரி வேண்டும் புதிய நிறுவனம் வரிசையில் காத்திருந்து 256 பெறலாம். இல்லையேல் விலைக்கு வாங்க வேண்டும்.

இதற்குத் தீர்வு 1998-லேயே வந்துவிட்டது. ஆறாம் பதிப்பில் முகவரி 128 இரும இலக்கங்கள் கொண்டது. கிடைக்கும் மொத்த முகவரிகளை எழுதினால் அது 39 இலக்க எண்ணாகும்!

பின் ஏன் தயக்கம்? இரு பதிப்புகளும் நேரடியாகப் பேசிக்கொள்ளமாட்டா. ஆகவே சில காலம் இரண்டையும் சேர்த்தே நடத்த வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்றோரும் பணமும் தேவை. போரால் நலிந்த ஏமனுக்கும் சூடானுக்கும் இது எளிதன்று. மேலும், ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரும் உபாயம் பஞ்சத்தை மறைத்துவிடுகிறது.

படம் பார்க்கவும் செய்தி படிக்கவும் அப்பகிர்வு போதும். ஆனால், வீட்டுக் கணிப்பொறியில் ஒரு மாணவர் அமைக்கும் சேவையை வெளியிலிருந்து எவரும் எளிதில் வந்தடைய இயலாது. ஒருவர் செய்த தவற்றுக்காக அம்முகவரி தடுக்கப்பட்டால், அதைப் பகிர்வோர் அனைவரும் வெளியே நிற்க நேரிடும். பெறுவோராக இருக்கலாம், தருவோராவது கடினம்.

சவூதி அரேபியா இம்மாற்றத்தில் வெகுதூரம் முன்னேறியுள்ளது. அது செல்வ நாடு என்று சொல்லி ஒதுக்கிவிடலாகாது. செல்வம் குறைந்த நம் நாட்டிலும் இணையப் பயன்பாட்டில் பாதிக்கு மேல் ஆறாம் பதிப்பின் வழியே நடைபெறுகிறது. 2016-ல் வந்த ஜியோ தன் வலையமைப்பைத் தொடக்கத்திலேயே அதற்கேற்ப அமைத்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். புதிதாகக் கட்டுவோர் பழையதை இடிக்க வேண்டியதில்லை. புதுக் கருவி வாங்கும்போதெல்லாம் ஆறாம் பதிப்புக்கு உகந்ததையே தேர்ந்து வாங்கினால், பின்னால் வந்த நாடுகளும் முன்வரிசையில் நிற்கலாம்.