சொல்ல வெட்கப்படும் உபாதை



சேமிப்பு, கடன், வட்டி என்று எல்லாவற்றையும் கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறோம். இடுப்புக்குக் கீழே ஒரு உபாதை என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். இந்த மாதம் அதைத்தான் பேசப் போகிறோம்.

திருச்செங்கோடு பக்கம் ரிக் வண்டிக்குப் போகிற ஆம்பளைங்க ஏராளம். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போனால் திரும்பி வர மாதக்கணக்கு ஆகும். நம் உறுப்பினர் ஒருவரின் கணவரும் அப்படித்தான் பொங்கலுக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனார். (அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். ஊரும் பேரும் வேண்டாம்.) ஆணுறை போடவில்லை. "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்தான் பண்ணியாச்சே, அது எதுக்கு?" என்று இருந்துவிட்டார்கள். ஆபரேஷன் கருவைத்தான் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

பத்து நாளில் அவருக்கு மஞ்சளாக வெள்ளைப்பட்டது. நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி. சூடு என்று வெந்தயம் குடித்தார். வேப்பிலைத் தண்ணீரில் கழுவினார். மெடிக்கலில் பேர் தெரியாத மாத்திரை நாலு வாங்கிப் போட்டார். இருபது நாள் தூக்கமில்லை. "அந்த எய்ட்ஸா இருக்குமோ, புள்ளைங்களுக்கு யாரு இருக்கா?" என்று ராத்திரியெல்லாம் அழுகை.

முதலில் ஒன்று. வெள்ளைப்படுவதெல்லாம் நோய் இல்லை. மாதவிலக்குக்கு நடுநாளில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வருவது இயற்கை. தயிர் திப்பி மாதிரி வந்து அரிப்பெடுத்தால் அது பெரும்பாலும் பூஞ்சைக் கிருமி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும், கணவர் கொண்டு வந்ததாக இருக்க வேண்டியதில்லை. அதனால் சோதனை செய்யும் முன்பே வீட்டில் சண்டை போடுவது சரியில்லை என்பது எங்கள் எண்ணம்.

மஞ்சளாகவோ பச்சையாகவோ நாற்றத்தோடு படுவது, உறவின்போது வலி, உறவுக்குப் பிறகு ரத்தம், கொப்புளம், புண், தொடை இடுக்கில் நெறி கட்டுவது, இவை இருந்தால் தள்ளிப் போடக்கூடாது. வலியில்லாத புண்ணை லேசாக நினைக்காதீர்கள். சிபிலிஸ் என்ற மேகப்புண் வலிக்காது, சில வாரத்தில் தானாக ஆறியும் விடும். புண்தான் ஆறும், நோய் உள்ளேயே இருக்கும். இன்னொரு சங்கடம், வெட்டை நோய் பல பெண்களுக்கு அறிகுறியே காட்டாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைத்துப் பிள்ளைப்பேறு இல்லாமல் போகலாம். எனவே கணவருக்குச் சீழ் வடிந்தால், நமக்கு ஒன்றுமில்லாவிட்டாலும் போய்ப் பார்க்க வேண்டும்.

டெட்டால், எலுமிச்சை போட்டு உள்ளே கழுவுவது கூடவே கூடாது. இருக்கிற நல்ல கிருமியும் செத்து, நோய் இன்னும் மேலே ஏறும். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

நம் சகோதரியை ஊக்குநர் அரசு ஆஸ்பத்திரியில் உள்ள சுகவாழ்வு மையத்துக்குக் கூட்டிப் போனார். பெண் டாக்டர் திரை மறைத்துப் பார்த்தார், கர்ப்பப்பை வாயில் சீழ் இருந்தது. மாத்திரை இலவசம். கணவரும் சாப்பிட வேண்டும், இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உறவு வேண்டாம் என்றார். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் நோய் திரும்பத் தொற்றிக்கொள்ளும்.

போனில் சொன்னதும் கணவர், "எம்மேல சந்தேகமா?" என்று கத்தினார். "சந்தேகம் இருக்கட்டும் மாமா, நோவு இருக்குதே, அதுக்கு வழி சொல்லுங்க" என்றார் இவர். இரண்டு நாள் கழித்து அவரே இருந்த ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் போன் பண்ணினார்.

நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி சோதனையும் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. ஆனால் தொற்றிய உடனே ரத்தத்தில் தெரியாது. அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். எங்களில் ஒருவர் துணைக்குப் போனோம். அப்போதும் இல்லை என்றே வந்தது. நம் சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனை செய்யவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்று 2017-ஆம் வருடச் சட்டமே இருக்கிறது.

எச்.ஐ.வி உள்ளவரோடு பாதுகாப்பில்லாமல் உறவு நடந்துவிட்டது என்று தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றைக்கே, அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் தடுப்பு மாத்திரை 28 நாளைக்குத் தருவார்கள்.

நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097-க்குப் போன் போடுங்கள், காசு இல்லை, பேர் சொல்ல வேண்டாம். இல்லாவிட்டால் கிராம நர்சம்மாவிடம் "வெள்ளைபடுது" என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவரே கேட்டுக்கொள்வார்.