பஞ்சு போன்ற சிக்கன் டம்ப்ளிங் சூப்புக்குச் சில குறிப்புகள்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வீட்டுக்கு வீடு செய்கிற சூப் இது. கெட்டியான கோழிச் சாறின் மேலேயே மைதா உருண்டைகளை வேகவைப்பார்கள். மாவைத் தேய்த்துப் பட்டையாக வெட்டிப் போடுவோரும் உண்டு. இங்கே சொல்வது ஸ்பூனால் அள்ளிப் போடும் முறை. நான்கு பேருக்கான அளவு.

1. எலும்போடு கூடிய கோழி 750 கிராம் வாங்குங்கள். எலும்பிலிருந்துதான் சாறுக்கு ருசி இறங்கும். ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிரிஞ்சி இலை, உப்பு சேர்த்து 40 நிமிடம் சிம்மில் வையுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் கறி வறண்டு நார் நாராகிவிடும். வெந்ததும் கறியை உதிர்த்து, சாறை வடிகட்டுங்கள்.

2. மூன்று டேபிள்ஸ்பூன் வெண்ணெயில் வெங்காயம், கேரட், செலரியை வதக்குங்கள். அதே அளவு மைதாவைத் தூவி, பச்சை வாசனை போகும்வரை கிளறுங்கள். சாறை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கலந்தால் கட்டி தட்டாது.

3. பேக்கிங் பவுடர் பழசாக இருந்தால் உருண்டை எழும்பாது. அரை டீஸ்பூனை வெந்நீரில் போடுங்கள். உடனே நுரைத்தால் நல்லது.

4. ஒன்றரை கப் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, இரண்டு டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய். இவற்றில் பாலை அரை கப்பில் தொடங்கி, முக்கால் கப்புக்கு மிகாமல் ஊற்றுங்கள். பரோட்டாவுக்குப் பிசைகிற கை இங்கே கூடாது. பிசையப் பிசைய மைதாவில் இழுவை ஏறி, உருண்டை ரப்பராகிவிடும். ஈரம் பட்டதும் நிறுத்துங்கள். அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

5. ஸ்பூனைச் சூடான சூப்பில் ஒரு முறை நனைத்து மாவை அள்ளினால் ஒட்டாமல் வழுக்கி விழும். எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் வேண்டாம். இரண்டு மடங்காக உப்பும், இடம் விட்டுப் போடுங்கள்.

6. மூடி போட்டு, சிறு தீயில் 15 நிமிடம். இந்தப் பதினைந்து நிமிடமும் மூடியைத் திறக்கவே கூடாது. உருண்டையின் அடிப்பாகம் சூப்பில் வேகும், மேல்பாகம் ஆவியில்தான் வேக வேண்டும். முதல் தடவை செய்தபோது நான் இரண்டு முறை திறந்து பார்த்தேன். மேலே வெந்தது போலத் தெரிந்தது. பிட்டுப் பார்த்தால் நடுவில் பச்சை மாவு பசையாக ஒட்டியது. கண்ணாடி மூடி இருந்தால் கவலையில்லை. கடைசியில் பல் குத்தும் குச்சியால் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

7. உதிர்த்த கறியை உருண்டை போடுவதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள். 100 மில்லி க்ரீமை மட்டும் அடுப்பை அணைத்த பிறகு, ஓரமாக ஊற்றுங்கள். கொதிக்கிற சூப்பில் ஊற்றினால் திரிந்துபோகலாம்.

8. மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உருண்டைகளைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைப்பது நல்லது; சூப்பிலேயே விட்டால் காலைக்குள் சாறை எல்லாம் உறிஞ்சிக் கூழாகிவிடும்.